ஆபீஸ் விட்டு வந்து ஒரு தேங்காய்ப்பால் மீன்: ஜிலேபி கெண்டைக்கு மண்வாசம் போக்கும் வழியோடு

ஜிலேபி கெண்டை என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. "மண்ணு வாடை அடிக்கும்" என்பார்கள். பெயரில் கெண்டை இருந்தாலும் 1952ல்தான் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன் இது, திலாப்பியா. இன்றைக்கு ஏரி, குளம், அணை எல்லாவற்றிலும் பெருகிக் கிடக்கிறது, விலையும் கடல்மீன் பக்கத்தில் நிற்காது. எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணம், கட்லா, ரோகு மாதிரி சதைக்கு நடுவே பொடி முள் கிடையாது. குழந்தைக்குக்கூட தைரியமாக ஊட்டலாம். வாடை உண்மைதான், ஆனால் போக்கிவிடலாம்.

மூன்று பேருக்கு அரைக் கிலோ மீன் போதும். கடையில் செதில், செவுள், குடல் எடுத்துத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் வயிற்றுக்கு உள்பக்கம் பாருங்கள், கறுப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். கடைக்காரர் அவசரத்தில் விட்டிருப்பார். அதை விரலாலோ கத்தி முனையாலோ சுரண்டி எடுத்துவிடுங்கள். நான் ஆறு மாதம் இது தெரியாமலே சமைத்து, குழம்பு ஏன் கசக்கிறது என்று வெந்தயத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது மண்வாசம். குளத்துப் பாசியும் சேற்றிலிருக்கும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அதற்குக் காரணம். மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழுகிற வாசத்திலும் அதுதான் இருக்கிறது. மீன் செவுள் வழியாக அதை இழுத்துக் கொழுப்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது, அதனால் வெறும் தண்ணீரில் எத்தனை தடவை அலசினாலும் போகாது. புளிப்பு பட்டால் குறையும். துண்டுகளைக் கல் உப்பு போட்டுத் தேய்த்து அலசி, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி அலசுங்கள். புளித்த மோரும் சரிதான். அப்புறம் தண்ணீரை நன்றாக வடித்து, அரை ஸ்பூன் மஞ்சள்தூளும் கொஞ்சம் உப்பும் பிரட்டி ஓரமாக வையுங்கள்.

மீன் ஊறும் நேரத்தில் தேங்காய்ப்பாலை எடுத்துவிடலாம். ஒரு மூடி தேங்காயைத் துருவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மிக்ஸியில் அடித்துப் பிழிந்தால் கெட்டியான முதல் பால். அதே சக்கையில் ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு இன்னொரு முறை அடித்தால் இரண்டாம் பால். இரண்டையும் கலந்துவிடாதீர்கள். களைப்பாக இருக்கிற நாளில் நான் 200 மில்லி டப்பாப் பால் வாங்கி, பாதியை முதல் பாலாக வைத்துக்கொண்டு, மீதியில் ஒரு டம்ளர் தண்ணீர் கலந்து இரண்டாம் பாலாக்கிவிடுவேன். ருசி ஒரு படி குறைவுதான், ஆனால் ராத்திரி எட்டு மணிக்குத் தேங்காய் துருவும் கொடுமை இல்லை.

இனி அடுப்பு. அகலமான மண்சட்டி, இல்லாவிட்டால் அடி கனமான கடாய். ஆழமான பாத்திரம் வேண்டாம், துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உடையும். இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், கால் ஸ்பூன் வெந்தயம். அது பொன்னிறமானதுமே (கருகினால் மொத்தக் குழம்பும் போச்சு) கறிவேப்பிலை, நறுக்கிய சின்ன வெங்காயம் பதினைந்து, தட்டிய பூண்டு ஆறு பல், ஒரு துண்டு இஞ்சி, கீறிய பச்சை மிளகாய் ஐந்து. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனால் போதும், சிவக்க விடாதீர்கள், குழம்பின் வெளுப்பு கெடும். ஒரு ஸ்பூன் மல்லித்தூள், அரை ஸ்பூன் மிளகுத்தூள் போட்டு ஒரு புரட்டு. மிளகாய்த்தூள் வேண்டவே வேண்டாம், அது வேறு குழம்பு.

இரண்டாம் பாலை ஊற்றி, உப்பு போட்டு, ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். பிறகு தீயைக் குறைத்து மீன் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பரப்பி, வட்டமாக நறுக்கிய ஒரு தக்காளியை மேலே வைத்து மூடுங்கள். ஆறேழு நிமிடம்தான். இதற்கப்புறம் கரண்டிக்கு வேலை இல்லை. கலக்கத் தோன்றினால் சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுங்கள். சதை வெள்ளையாகி, முள்ளைவிட்டு லேசாக விலகினால் வெந்துவிட்டது.

இப்போதுதான் முதல் பால். தீ சிம்மில் இருக்கவேண்டும். பாலை ஊற்றிச் சட்டியைச் சுழற்றி, ஓரத்தில் சின்னச் சின்னதாக நுரை கட்டியதும் அணைத்துவிடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் பாலிலிருக்கும் புரதம் இறுகி, எண்ணெய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரிந்து, மோர் திரிந்த மாதிரி ஆகிவிடும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது, அதுவும் மாமியார் வந்திருந்த அன்று. இன்னும் பயமாக இருந்தால் ஒரு ஸ்பூன் அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து, முதல் பால் விடுவதற்கு முன்பே சேர்த்து ஒரு நிமிடம் வேகவிடுங்கள், குழம்பு லேசில் திரியாது.

எலுமிச்சைச் சாறு அரை மூடி, அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து. சூட்டோடு பிழிந்தால் அதுவே பாலைத் திரித்துவிடும். மூடிப் பத்து நிமிடம் வைத்தால் மீனில் உப்பும் புளிப்பும் ஏறும், அதற்குள் சோறு வடித்துவிடலாம். இடியாப்பம் இருந்தால் அதுதான் சரியான ஜோடி. மிச்சமிருந்தால் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலையில் சிம்மில் வைத்து, கொதிக்கும் முன்பே இறக்கிவிடுங்கள். அன்றைக்கு ஆப்பத்துக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம்.