பயிர் நிவாரணம்: அடங்கலில் கோட்டை விடாதீர்கள்

டெல்டாவில் வயல் மூழ்கிய மறுநாளே, நிவாரணம் எவ்வளவு என்ற பேச்சு வந்துவிடும். பயிரில் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால், பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500 என்று 2024 ஃபெஞ்சல் புயலின்போது அறிவித்தார்கள். அந்த 17,000 நம் ஊர்க் கணக்கில் ஒரு மாவுக்கு, அதாவது 33 சென்ட்டுக்கு, சுமார் 2,270 ரூபாய். போட்ட செலவுக்கு உறைபோடக் காணாது. அந்தப் பணமும் ஒரு தாளில் இருக்கும் பிழையால் கை நழுவிப் போவதைத்தான் தாங்க முடிவதில்லை.

பெரிய தவறு, பட்டா இருந்தால் போதும் என்று நினைப்பது. நிலம் யாருடையது என்பதைப் பட்டா சொல்லும். இந்தப் போகத்தில் அதில் என்ன பயிர் நின்றது என்று சொல்வது அடங்கல். அடங்கல் எழுதுவது வருவாய்த் துறையின் பசலி ஆண்டுக் கணக்கில்; அது ஜூலை 1-ல் தொடங்குகிறது. போன வருஷத்து நகலை நீட்டிப் பயனில்லை. நடவு முடிந்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பயிர் நான்கையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். 2ஏ என்பது 2பி ஆகியிருந்தால் உங்கள் நெல் பக்கத்து வயலில் நிற்கும், உங்கள் வயல் தரிசாகிவிடும். கணக்கெடுப்புக்கு ஆள் வந்த பிறகு இதைத் திருத்த அலைவது பெரும்பாடு.

இதில் அதிகம் அடிபடுகிறவர்கள் வாய்மொழிக் குத்தகைக்காரர்கள். விதை, நாற்று, உரம், கூலி எல்லாம் அவர்கள் பணம். அடங்கலில் சாகுபடி செய்பவராக அவர்கள் பெயர் ஏறாவிட்டால், நிவாரணம் பட்டாதாரர் பெயருக்குப் போய்விடலாம். நிலக்காரரிடம் நடவுக்கு முன்பே பேசிவிடுங்கள். வெள்ளம் வந்த பிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

வயலில் தண்ணீர் நின்றால் முதலில் படம் எடுங்கள்; பக்கத்து மின்கம்பமோ மதகோ தெரிய எடுத்தால் எந்த வயல் என்ற சந்தேகம் வராது. அப்புறம் உடனே வடிய விடுங்கள். அதிகாரி பார்க்கட்டும் என்று தண்ணீரைக் கட்டி வைத்து, மிச்சப் பயிரையும் அழுக விடாதீர்கள்.

வங்கி விஷயம் சின்னதுதான். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக ஆதாரை எந்தக் கணக்கோடு இணைத்தீர்களோ அங்கேதான் போகும்.

சரி, காப்பீடு கட்டியிருக்கிறோமே என்பவர்களுக்கு: இரண்டும் வேறு வேறு. நிவாரணத்துக்கு உங்கள் வயலின் சேதத்தைப் பார்க்கிறார்கள். காப்பீட்டில் பெரும்பாலும் ஊர் முழுவதற்குமான மகசூலை அறுவடைப் பரிசோதனை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதனால் ஒன்று வந்து மற்றது வராமல் போகலாம். ஆனால் அறுத்து வயலில் காயப் போட்ட கதிர் 14 நாளுக்குள் மழையில் நனைந்தால் தனி வயலுக்கும் இழப்பீடு கேட்கலாம். அதற்கு, சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் சொல்லியிருக்க வேண்டும்.