மலையிலிருந்து ஹெலிகாப்டரில் நோயாளியை இறக்குவது

ஹெலிகாப்டர் வருவதற்குள் தரையைத் தயார் செய்யுங்கள். குறைந்தது 30 மீட்டருக்கு 30 மீட்டர் சமதளம் வேண்டும். பக்கத்தில் மின்கம்பி போனால் அதைத்தான் விமானிக்கு முதலில் சொல்லவேண்டும். மேலிருந்து பார்த்தால் கம்பி கண்ணுக்குப் படாது. தார்ப்பாய், போர்வை, தொப்பி எதுவும் பறக்கும்படி கிடக்கக்கூடாது. புழுதியானால் தண்ணீர் தெளியுங்கள்.

விமானி சைகை காட்டிய பிறகே, அவர் பார்வையில் படும்படி முன்பக்கமாகக் குனிந்து போங்கள். வால்பக்கம் வேண்டவே வேண்டாம். சரிவில் மேட்டுப்பக்கமாக வந்தால் சுழலும் இறக்கை தலைமட்டத்தில் இருக்கும். குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கும் பழக்கத்தையும் இங்கே விடுங்கள். பையாக மாற்றி, திரவத்தை அழுத்தி உள்ளே செலுத்தும் அழுத்தப்பட்டை சுற்றி, நோயாளியோடு சேர்த்துக் கட்டுங்கள்.

பலரும் மறப்பது காற்றழுத்தத்தை. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள கேதார்நாத்திலிருந்து ரிஷிகேஷுக்கு இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால், சுவாசத்துக்காக நோயாளியின் தொண்டைக்குள் செருகிய குழாயின் பலூன் சுருங்கி, காற்று கசியும். இறங்க இறங்க பலூனின் அழுத்தத்தை அளந்து, 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் வைத்திருங்கள். காற்றடைத்த கட்டுகளும் அப்படியே தளரும். மேலேறும்போது நேர்மாறு: நெஞ்சுக்கூட்டில் தேங்கிய காற்று விரிந்து நுரையீரலை அமுக்கும். ஆகவே அந்தக் காற்றை வெளியேற்ற வடிகுழாய் போடுவதானால் தரையிலேயே போட்டுவிடுங்கள். பறக்கையில் அதைக் கவ்வியால் அடைக்காதீர்கள்.

இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் உதவாது. நெஞ்சு ஏறி இறங்குவதையும் மானிட்டரையும் பாருங்கள்.

எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். மெல்லிய காற்றில் தூக்குசக்தி குறையும்; கூட வரும் உறவினரை விட்டுவிட்டுப் போக நேரலாம். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.