நாகரிகங்களை ஒப்பிடும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

உலக வரலாற்றுக்கு ஒரு தத்துவம் தேடிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது ஜெர்மன் தத்துவவாதி ஹெகலிடம்தான். 1822 முதல் பெர்லினில் அவர் ஆற்றிய விரிவுரைகளின்படி வரலாறு கிழக்கில் தொடங்கி ஐரோப்பாவில் முடிகிறது, ஆப்பிரிக்காவுக்கு அதில் இடமே கிடையாது. இதை இன்றைக்கு யாரும் அப்படியே சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லாச் சமூகங்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி யார் முன்னே, யார் பின்னே என்று கேட்பவர் அதே கணக்கைத்தான் போடுகிறார்.

சரி, அது வேண்டாம் என்று இன்னொரு ஜெர்மன் சிந்தனையாளரான ஸ்பெங்லரிடம் போனால் வேறு வம்பு. ஒவ்வொரு பண்பாடும் தனி உயிர், பிறந்து முதிர்ந்து சாகும், ஒன்றின் உள்ளம் இன்னொன்றுக்குப் புரியாது என்பார்.

என்னைக் கேட்டால் இவற்றைவிட மோசமான தவறு, நல்ல மனதோடு சொல்லப்படுகிற ஒன்று: "கிரேக்க அறிவை அரபுகள் பத்திரமாக வைத்திருந்து ஐரோப்பாவிடம் கொடுத்தார்கள்." அவர்கள் என்ன தபால்காரர்களா? 9-ஆம் நூற்றாண்டு பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (இவர் கிறிஸ்தவர், 'இஸ்லாமிய நாகரிகம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது) பழைய கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களுக்குக் கிரேக்கப் பிரதிகள் பலவற்றைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்திய பிறகுதான் மொழிபெயர்த்தார். அறிவியலாளர் இப்னு அல்-ஹைதம், பழைய கிரேக்க வானியலாளர் தாலமியின் வானியலில் கண்ட முரண்பாடுகளை ஒரு தனி நூலாகவே எழுதினார். லத்தீனுக்குப் போன அரிஸ்டாட்டிலும் தனியாகப் போகவில்லை, அவரை விளக்கியும் விவாதித்தும் அரபியில் எழுதிய தத்துவவாதிகள் இப்னு சீனாவும் இப்னு ருஷ்தும் கூடவே போனார்கள். 1270-இல் கிறிஸ்தவ இறையியலாளர் அக்வினாஸ் மெனக்கெட்டு ஒரு மறுப்பு நூல் எழுதியது இப்னு ருஷ்தைப் பின்பற்றியவர்களுக்கு எதிராகத்தான்.

வாங்குகிற பக்கமும் சும்மா இருப்பதில்லை. இந்திய எண்முறையை இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபொனாச்சி 1202-இல் தன் நூலில் விளக்கினார். ஆனால் 1299-இல் ஃபுளோரன்ஸின் நாணய மாற்று வணிகர் சங்கம், கணக்கேட்டில் அந்த எண்களை எழுதக் கூடாது என்று விதி போட்டது. நல்ல யோசனை என்றால் தானாகப் பரவும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்புறம், பரிமாற்றம் என்றாலே கைகுலுக்கல் என்ற நினைப்பு. 1492-இல் கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த பிறகு உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் கடல் கடந்தன, பெரியம்மையும் அடிமை வணிகமும் கூடத்தான்.

கடைசியாக, ஒற்றுமையைப் பார்த்ததும் "இவர்களிடமிருந்துதான் அவர்கள் எடுத்தார்கள்" என்று பாய்வது. புத்தர், கன்பூசியஸ், சாக்ரடீஸ் எல்லாம் ஏறக்குறைய ஒரே காலகட்டம். ஜெர்மன் தத்துவவாதி யாஸ்பர்ஸ் 1949-இல் இதை வைத்து ஒரு பெரிய வாதமே கட்டினார், ஆனால் ஒருவர் மற்றவரிடம் கற்றார் என்று அவர் சொல்லவில்லை. எந்தப் பிரதி, எந்த வழி, எந்த நூற்றாண்டு என்று காட்ட முடியாதபோது ஒப்பீடு என்று மட்டும் எழுதுங்கள், கடன் என்று எழுதாதீர்கள்.