அக்கான் திருமணம்: கதவு தட்டுவது முதல் தலைமது வரை

கானாவின் அக்கான் மக்களிடம் (அசாந்தே, ஃபாந்தே எல்லாரும் இதில் அடக்கம்) கல்யாணத்தைச் செல்லுபடியாக்குவது 'திரி ன்ஸா' எனும் தலைமது. மாப்பிள்ளை வீட்டார் கொடுத்து, பெண்ணின் அபுசுவா, அதாவது தாய்வழிக் குடும்பம், வாங்கிக்கொண்டால் மணம் முடிந்தது. மற்ற ஏற்பாடுகளில் குறை வந்தால் சமாளிக்கலாம், இதில் வரக்கூடாது.

முதலில் குலம் விசாரியுங்கள். ஓயோகோ, அசோனா, ப்ரெத்துவோ, அதுவானா என எட்டுப் பெருங்குலங்கள் உண்டு. ஒரே குலத்துக்குள் மணம் கூடாது. பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் இரு தாய்மாரின் குலத்தையும் கேட்க வேண்டும். பரம்பரை நோய், கடன், குற்றவழக்கு பற்றியும் இரு வீட்டாரும் விசாரிப்பார்கள். இந்த விசாரணை முடியும்வரை அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்தது 'கொக்கோகோ', கதவு தட்டுதல். நாலைந்து பெரியவர்கள் போனால் போதும். வழக்கமாக இரண்டு பாட்டில் ஷ்னாப்ஸ் எனும் காட்டமான மதுவும் கொஞ்சம் பணமும் கொண்டுபோவார்கள். "உங்கள் தோட்டத்தில் ஓர் அழகான பூவைக் கண்டோம், பறிக்க அனுமதி கேட்டு வந்தோம்" என்ற பாணியில் பேச்சு தொடங்கும். பெண்ணின் தந்தையிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புவதுதான் பலர் செய்யும் தவறு. 'வோஃபா' எனும் தாய்மாமனின் சம்மதம் இல்லாமல் போனால் பின்னால் தகராறு நிச்சயம். சம்மதம் கிடைத்தால் சீர்ப்பட்டியல் தருவார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் அது மாறும். கிடைக்காத பொருளுக்குப் பதில் வேறொன்று வைப்பதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூட்டத்தின் நடுவே தெரியவந்தால் அது அவமரியாதை.

மணநாளில் இரு தரப்புக்கும் 'ஒச்சாமே' எனும் பேச்சாளர் வேண்டும். மாப்பிள்ளை வாய் திறப்பதில்லை. உட்கார்ந்ததும் தண்ணீர் தருவார்கள், பிறகே 'அமானே', வந்த காரியம் என்ன என்று கேட்பார்கள். கைகுலுக்குவது வலக்கோடியிலிருந்து தொடங்கும். எதையும் இடக்கையால் நீட்டக்கூடாது.

தலைமதுவைத் தனித் தட்டில், மற்றச் சீரோடு கலக்காமல் வையுங்கள். பெற்றோருக்கான துணிமணி, பெண்ணுக்கான கெந்தே எனும் கைத்தறித் துணியும் வாக்ஸ் எனும் அச்சுத் துணியும் வேறு. பெண்ணின் சகோதரர்களுக்கு 'அகொந்தா செகான்', மைத்துனர் கத்தி என்று பெயர், கொடுப்பது பணம். போதாது என்று அடம்பிடித்துப் பேரம் பேசுவார்கள், அது சடங்கின் கலகலப்பு. கோபப்படாமல் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கச் 'செடி' எனும் கானா நாணயத்தைச் சில்லறையாக மாற்றித் தனி உறைகளில் வைத்திருங்கள்.

பிறகு பெண்ணை அழைத்து வருவார்கள். "இந்த மதுவை வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று எல்லார் முன்னும் மூன்று தடவை கேட்பார்கள். மூன்று தடவையும் அவள் சரி என்று சொன்ன பிறகே பாட்டில் திறக்கப்படும். இரு வீட்டாருக்கும் ஒரு வாயாவது போய்ச்சேர வேண்டும்: குடித்தவர்கள் எல்லாரும் சாட்சி. மோதிரமும் பைபிளும் இதற்கெல்லாம் பின்புதான்.

வழக்காற்று மணத்தைப் பதிவுசெய்ய 1985ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. 1991 திருத்தத்துக்குப் பின் அது கட்டாயமில்லை. ஆனாலும் பதியுங்கள். பெற்றோர் அல்லது அவர்கள் இடத்தில் நிற்பவர்களின் உறுதிமொழி தேவைப்படும், அவர்கள் ஊர் திரும்பும் முன் வாங்கிவிடுங்கள்.