ரத்தம் ஊறச் சாப்பிடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

ரத்தம் குறைவு என்று தெரிந்ததும் பலர் பீட்ரூட்டைத் தேடுவதற்கு அதன் நிறம்தான் காரணம். 100 கிராம் பீட்ரூட்டில் இருக்கும் இரும்புச்சத்து 1 மில்லிகிராமைக்கூட எட்டாது. அதே எடை வேகவைத்த மசூர்ப் பருப்பில் 3 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகவே உண்டு. பீட்ரூட் நல்ல காய்தான். ஆனால் ரத்தசோகைக்கு அதை மட்டும் நம்பியிருந்தால் மாதங்கள்தான் வீணாகும்.

தட்டில் இருக்கும் இரும்பு அப்படியே ரத்தத்தில் சேராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றில் உள்ள ஹீம் இரும்பில் சுமார் 15 முதல் 35 சதவீதம் வரை உடல் ஏற்கும். கீரை, பருப்பு, தானியங்களின் இரும்பு அவ்வளவு எளிதில் சேராது. கூடவே என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த அளவு ஏறும், இறங்கும். சாப்பிட்ட கையோடு தேநீரோ காபியோ குடித்தால் அவற்றில் உள்ள பாலிபீனால்கள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்குத் தள்ளிவையுங்கள்.

வைட்டமின் சி இதற்கு நேர்மாறாக, இரும்பு சேர உதவுகிறது. ஆனால் அது அதே வேளை உணவில் இருக்க வேண்டும். காலையில் தின்ற ஆரஞ்சு மதியப் பருப்புக்கு உதவாது. எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கும்போது ஊற்றினால் வைட்டமின் சி குறைந்துபோகும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். பயறு வகைகளை ஊறவைத்து முளைகட்டினால் இரும்பைத் தடுக்கும் பைட்டேட் குறையும். கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து நீரைக் கொட்டுவதும் தவறுதான். ரத்த அணுக்கள் உருவாகத் தேவையான ஃபோலேட் அந்த நீரோடு போய்விடும்.

மாத்திரை விஷயத்தில், அதிகம் போட்டால் சீக்கிரம் ஏறும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒருமுறை இரும்பு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. அது சுமார் ஒரு நாள் வரை குடலின் கதவைப் பாதி சாத்திவைக்கும். அதற்குள் போடும் அடுத்த மாத்திரையிலிருந்து சேர்வது குறைவு. மிஞ்சுவது வயிற்றுவலியும் மலச்சிக்கலும். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியான அன்றே மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. உடலின் சேமிப்பு நிரம்ப வழக்கமாக மேலும் 3 மாதம் பிடிக்கும்.

இந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. ஹீமோகுளோபின் இறங்குவது கடைசிக் கட்டத்தில்தான். அதாவது, ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரத்தத்தில் ஆண்களுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராம் ஹீமோகுளோபின் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் எல்லையைத் தாண்டி நிற்பவருக்கும் சேமிப்பு காலியாக இருக்கலாம். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால், அந்த நேரத்து அறிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணு உள்ளவர்களுக்கும், இரும்பு குறைந்தவர்களைப் போலவே சிவப்பணுக்கள் சிறிதாக இருக்கும். இரும்புக் குறைவு சேர்ந்திராவிட்டால் அவர்களுக்கு மாத்திரையால் பலனில்லை. அதிகப்படி இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. ஒரு நாளில் இயல்பாக இழப்பதே 1 மில்லிகிராம் அளவுதான். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், குடலில் எங்கேனும் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். புண்ணாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். இரும்பு மாத்திரை போடும்போது மலம் கறுப்பது இயல்பு. போடாதபோது தார் போலக் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ரத்தசோகைக்கு இன்னொரு காரணமான வைட்டமின் பி12 குறைவு மெதுவாக வரும். கல்லீரல் சேமிப்பு ஆண்டுக்கணக்கில் தாங்குவதால், விலங்கு உணவை அறவே விட்டவர்களுக்குக் குறைபாடு வெகுகாலம் கழித்தே தெரியவரும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினையோ வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளையோ நெடுநாள் எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஸ்பைருலினா என்ற பாசி உணவில் இருப்பது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி பி12. பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிக அளவில் விழுங்கினால் ரத்த அறிக்கை தேறிவிடும். நரம்புச் சேதம் மட்டும் உள்ளே தொடரும். கால் மரத்துப்போவதைச் சோர்வு என்று ஒதுக்காதீர்கள்.

புகைப்பவரின் ஹீமோகுளோபின் எண் உயர்ந்திருப்பதும் நல்ல செய்தியல்ல. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், ஈடுகட்ட உடல் கூடுதல் அணுக்களை உண்டாக்குகிறது. மது எலும்பு மஜ்ஜையையே நேரடியாகத் தாக்கும். பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும்; ஒரு மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நடங்கள்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. கீரையில் உள்ள, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே அளவு வாரத்துக்கு வாரம் மாறினால்தான் சிக்கல்: கீரை திடீரென்று கூடினால் மருந்தின் வேலை குறையும், திடீரென்று குறைந்தால் ரத்தக்கசிவு வரலாம். வழக்கமான அளவையே தொடருங்கள். மாற்றுவதென்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.