கையெழுத்து கிடைக்கும்போதே வாங்கிவிடுங்கள்: போஸ்டிங் காலத்தில் லாக்புக்கையும் கேஸ் ரைட்டப்பையும் முடிக்கும் வழி

விரிவுரை மண்டபத்திலிருந்து போஸ்டிங்குக்காக, அதாவது ஒரு துறையில் சில வாரம் பெறும் பயிற்சிக்காக, வார்டுக்குள் காலெடுத்து வைக்கும் மருத்துவ மாணவர்களை முதல் வாரத்தில் நோயாளிகளைவிட அதிகமாகக் கலங்க வைப்பது கையில் கொடுக்கப்படும் லாக்புக், அதாவது செய்தவற்றைப் பதிந்து கையெழுத்து வாங்கும் ஏடு. இத்தனை பேரைக் கிளார்க் செய்திருக்க (வரலாறு கேட்டு, பரிசோதித்து, எழுதியிருக்க) வேண்டும், இத்தனை முறை இரத்தம் எடுத்திருக்க வேண்டும், பிரானுலா (இரத்தநாளத்தில் செருகும் சிறு குழாய்) போட்டிருக்க வேண்டும், இத்தனை பிரசவங்களில் உடனிருந்திருக்க வேண்டும் என்று கட்டங்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றோடு ஒரு நோயாளியைப் பற்றிய விரிவான அறிக்கையான கேஸ் ரைட்டப், சொந்த அனுபவத்தை எண்ணிப் பார்த்து எழுதும் சிந்தனைக் குறிப்பு, மருத்துவர் நேரில் கவனித்து மதிப்பிடும் மினி சி.இ.எக்ஸ்., முடிவில் போஸ்டிங் தேர்வு. பினாங்கில் மாணவனாக அந்தக் கட்டங்களை நிரப்பியவன், இப்போது கோலாலம்பூரில் எம்.ஓ.வாக (மருத்துவ அதிகாரியாக) இருந்து அவற்றில் கையெழுத்துப் போடுகிறவன் என்ற இரண்டு அனுபவங்களையும் வைத்து இதை எழுதுகிறேன்.

நேரம் போதவில்லை என்பது எல்லா மாணவர்களும் சொல்லும் குறை. உண்மையில் போதாமல் போவது பிறர் தர வேண்டியவைதான். வாசிப்பும் எழுத்தும் உங்கள் கையில் இருக்கின்றன. இரவு பதினொரு மணிக்குக்கூட அவற்றைச் செய்து முடிக்கலாம். ஆனால் நோயாளி வீடு திரும்பிவிட்டால் அவருடைய வயிற்றை மறுபடி தொட்டுப் பார்க்க முடியாது. உங்களை நேரில் கவனித்து மதிப்பெண் இட வேண்டிய நிபுணர் விடுப்பில் போய்விட்டால் அந்தப் படிவம் வெறுமையாகவே கிடக்கும். ஆகவே, பிறரைச் சார்ந்த வேலைகளைப் போஸ்டிங்கின் முன்பாதியிலும், உங்களை மட்டும் சார்ந்த வேலைகளைப் பின்பாதியிலும் வைப்பதே இந்த வழிகாட்டி முழுவதும் நான் சொல்லப்போவது.

முதல் நாளில் ஒரு கணக்கு

போஸ்டிங் கையேட்டை வாங்கிய அன்றே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கத்தில் இன்னொரு மனிதர் இல்லாமல் முடிக்க முடியாதவற்றை எழுதுங்கள்: நேரடியாகக் கவனிக்கப்பட வேண்டிய பரிசோதனைகள், செய்முறைகள், பிரசவங்கள், கிளினிக் வருகை, கையெழுத்துகள். மறு பக்கத்தில் மற்றவை. பிறகு முதல் பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் உண்மையில் எத்தனை வாய்ப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

எட்டு வாரப் போஸ்டிங் என்றால் நாற்பது வேலை நாள்கள் என்று தோன்றும். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் கிளினிக்குக்கு உங்களிடம் இருப்பவை எட்டே நாள்கள். அவற்றில் ஒன்று தைப்பூசத்திலும் இன்னொன்று சீனப் புத்தாண்டிலும் விழுந்தால் ஆறாகிவிடும். குழுவில் ஆறு பேர் இருந்து, ஒருமுறைக்கு இருவர் மட்டுமே உள்ளே போகலாம் என்றால் உங்கள் பங்குக்கு இரண்டு நாள்கள்தான் மிஞ்சும். ஹரி ராயாவை ஒட்டிய வாரத்தில் பொது விடுமுறை நாள்களையும் தாண்டிப் பலர் விடுப்பில் இருப்பார்கள். அந்த வாரத்தில் அவசரமில்லாத கிளினிக்கும் குறையும், கையெழுத்தும் குறையும். இந்தக் கணக்கை முதல் நாளிலேயே போட்டுவிட்டவர் கடைசி வாரத்தில் ஓட மாட்டார்.

மகப்பேறு போஸ்டிங்கில் இது இன்னும் கறாராகப் பொருந்தும். பிரசவ அறையில் மருத்துவ மாணவர்கள் மட்டும் இருப்பதில்லை. தாதியர் பயிற்சி மாணவிகளுக்கும் எச்.ஓ. எனும் பயிற்சி மருத்துவர்களுக்கும் அவரவர் கணக்கு உண்டு. பகலில் ஒரே கட்டிலைச் சுற்றி நால்வர் நிற்பார்கள். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். முதல் இரண்டு வாரங்களிலேயே இரவு ஆன்-கால் நாள்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வெறுமனே காத்திருக்காமல், ஒரே தாயின் பார்ட்டோகிராமை (பிரசவ முன்னேற்ற வரைபடத்தை)த் தொடக்கத்திலிருந்து கூடவே இருந்து தொடர்ந்து கவனித்தால், மிஸ்ஸி (தாதி) உங்களைப் பிரசவ நேரத்தில் தாமாகவே அழைப்பார். கதவோரம் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவரை யாரும் அழைப்பதில்லை.

ஒரு நோயாளியிடமிருந்து ஐந்து தேவைகள்

ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு நோயாளியைத் தேடி அலைவதுதான் மாணவர்கள் செய்யும் பெரிய வீண்வேலை. ஒரே நோயாளியை ஒழுங்காகப் பின்தொடர்ந்தால் பல கட்டங்கள் தாமாக நிரம்பும். எடுத்துக்காட்டாக, அறுவைச் சிகிச்சை வார்டில் கால்புண்ணோடு சேர்க்கப்பட்ட ஒரு பாட்டியை வைத்துக்கொள்வோம். உங்கள் சட்டைப்பைக் குறிப்பேட்டில் அன்று எழுத வேண்டியது இவ்வளவுதான்:

62, பெண். இனிப்பு நீர் 15 ஆண்டு. வலது பெருவிரல் புண், 2 வாரம், வலி இல்லை. மாத்திரை 3 மாதமாக இல்லை. ஏன்? வீட்டில் யார் பார்க்கிறார்கள்?

இந்த வரிகளில் பெயர் இல்லை, அடையாள அட்டை எண் இல்லை, மருத்துவமனைப் பதிவு எண்ணான ஆர்.என்.னும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நோயாளியின் இரகசியம் காப்பது பற்றி மலேசிய மருத்துவ மன்றம் தனி வழிகாட்டியே வைத்திருக்கிறது. கேன்டீனில் மறந்துவிட்டு வரும் குறிப்பேடும் வாட்ஸ்ஆப் குழுவில் போடும் பி.எச்.டி. (நோயாளியின் சிகிச்சைக் குறிப்புக் கோப்பு) படமும் அதற்கு விலக்கல்ல.

"வலி இல்லை" என்ற இரண்டு சொற்கள்தான் இந்த நோயாளியின் மையம். புண் இருந்தும் வலிக்கவில்லை என்றால் இனிப்பு நீரால் (நீரிழிவால்) நரம்புகள் உணர்வை இழந்திருக்கலாம். ஆகவே பாதத்தில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையை வைத்து உணர்வைச் சோதித்து, பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடித்துடிப்பைத் தேடுவீர்கள். இதை எம்.ஓ. பார்த்துக்கொண்டிருக்கையில் செய்தால் அது மினி சி.இ.எக்ஸ்.; கவனிப்புக்கு ஏறத்தாழ பதினைந்து நிமிடமும் கருத்துரைக்கு ஐந்து பத்து நிமிடமும் போதும். விரல் நுனியில் சர்க்கரை பார்த்தது ஒரு செய்முறைக் கட்டம். புண்ணுக்குக் கட்டுப் போடும்போது உதவியது இன்னொன்று. எக்ஸ்ரே, சில மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி, கிருமி வளர்ப்புச் சோதனை ஆகியவற்றின் முடிவுகளை நாள்தோறும் தொடர்ந்தால் கேஸ் ரைட்டப்பின் முக்கால் பங்கு கையில் இருக்கும்.

ஐந்தாவது, சிந்தனைக் குறிப்பு. தமிழ் மாணவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு வாய்ப்பு இங்கே உண்டு. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கலாம் என்று நிபுணர் மலாயில் சொல்ல, பாட்டிக்குப் பாதி புரிந்து பாதி புரியாமல் இருக்க, "நீ தமிழ்தானே, கொஞ்சம் சொல்" என்று உங்களை முன்னால் தள்ளுவார்கள். பாட்டி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "காலை எடுத்துட்டா நான் கோயிலுக்கு எப்படிப் போறது தம்பி?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை நிபுணரிடம் அப்படியே மொழிபெயர்த்துச் சொல்வது உங்கள் வேலை. "எல்லாம் சரியாகிவிடும் பாட்டி" என்று நீங்களாகப் பதில் சொல்வது உங்கள் வேலையன்று. சம்மதப் படிவத்துக்கான விளக்கத்தைத் தருவதும் மருத்துவரின் பொறுப்பு. நீங்கள் மொழிக்கு மட்டுமே பொறுப்பு. சொல்ல முடியாத அந்த ஆறுதலை விழுங்கிக்கொண்டு நின்ற நேரத்தைப் பற்றி அன்றிரவே ஒரு பக்கம் எழுதினால், "தகவல் தொடர்பின் முக்கியத்துவத்தை உணர்ந்தேன்" என்று முடியும் நூறு குறிப்புகளைவிட அது மதிப்பெண் பெறும். அத்தகைய குறிப்புகளைத் திருத்துகிறவருக்கு வரும் அலுப்பை நான் இப்போது நன்றாக அறிவேன்.

கையெழுத்துக் கேட்பது எப்படி

முதலில் யாருடைய கையெழுத்து செல்லும் என்று கையேட்டில் பாருங்கள். சில கட்டங்களுக்கு எச்.ஓ. போதும், சிலவற்றுக்கு எம்.ஓ.வோ நிபுணரோ வேண்டும். பெயரும் பதிவு எண்ணும் உள்ள சாப் (முத்திரை) இல்லாத கையெழுத்தைப் பல துறை அலுவலகங்கள் திருப்பி அனுப்பிவிடும். சாப்பைச் சட்டைப்பையில் வைத்திருப்பவரிடம் அங்கேயே வாங்கிவிடலாம். வைத்திருக்காதவரிடம், அது எங்கே இருக்கிறது என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்துவரும் காலைச் சுற்று தொடங்குவதற்கு முன் எவரிடமும் கேட்காதீர்கள். இரத்த முடிவுகளைத் தேடி எச்.ஓ.க்கள் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. சுற்று முடிந்து, உத்தரவுகள் எழுதப்பட்டு, வார்டு சற்று ஓய்கிற முற்பகல் நேரமே உகந்தது. படிவத்தில் தேதி, நோய், நீங்கள் செய்த செயல் ஆகியவற்றை நிரப்பி, கையெழுத்திட வேண்டிய பக்கத்தைத் திறந்து, பேனாவோடு நீட்டுங்கள். "டாக்டர், எப்போது நேரம் இருக்கும்?" என்று கேட்டால் "பிறகு பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். "டாக்டர், மூன்றாம் கட்டில் நோயாளியின் வயிற்றைப் பரிசோதிக்கப் போகிறேன், பதினைந்து நிமிடம் கவனித்துத் திருத்த முடியுமா?" என்று கேட்டால், மறுப்பவர்கள் குறைவு, மறுத்தாலும் வேறு நேரத்தைச் சொல்லித்தான் மறுப்பார்கள்.

செய்த அன்றே வாங்குங்கள். மூன்று வாரத்துக்கு முன் போட்ட பிரானுலாவுக்கு இன்று கையெழுத்துக் கேட்டு வருபவர்களுக்கு நான் போடுவதில்லை. கடுமை என்று நினைக்கலாம், ஆனால் நான் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று என் பதிவு எண்ணோடு எழுதித் தர முடியாது. செய்யாததைச் செய்ததாக எழுதிக்கொண்டு வருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அது பிடிபட்டால் போஸ்டிங்கோடு போகாது.

என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. நான்காம் ஆண்டில், பினாங்குப் பாலத்தைக் கடந்து வரும் பேருந்தில் தூங்கிப்போய், லாக்புக்கை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். இரண்டு போஸ்டிங் கையெழுத்துகள் அதில் இருந்தன. திரும்பவும் வாங்கப் போனால், கையெழுத்திட்ட எச்.ஓ.க்கள் வேறு துறைகளுக்கு மாறியிருந்தார்கள், எம்.ஓ. ஒருவர் சபாவுக்கே மாற்றலாகியிருந்தார். குற்றம் முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கையெழுத்தான பக்கங்களை, நோயாளி விவரங்களை மறைத்துப் படமெடுத்து வைக்கத் தொடங்கினேன். இரண்டு நிமிட வேலை. செயலி வழியாகப் பதிவு செய்யும் கல்லூரிகளிலும், ஒப்புதல் கோரிக்கை மருத்துவரின் மின்னஞ்சலில் திறக்கப்படாமல் கிடப்பது வழக்கம் என்பதால், வாரம் ஒருமுறை நிலுவையைப் பார்த்து நேரில் நினைவூட்டுங்கள்.

கேஸ் ரைட்டப்

நோயாளி வார்டில் இருக்கும்போதே நோய் வரலாற்றையும் பரிசோதனைப் பகுதியையும் எழுதிவிடுங்கள். எழுதும்போதுதான் கேட்க மறந்தவை தெரியும். மறுநாள் காலை போய்க் கேட்டுக்கொள்ளலாம். வீட்டுச் சூழலும் மருந்துப் பழக்கமும் நோயாளியைவிட உறவினர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் நேரங்கள் உண்டு; ஆகவே நோயாளியின் அனுமதியோடு, பார்வையாளர் நேரத்தில் ஒருமுறையாவது அங்கே இருங்கள். ஹொக்கியன் என்ற சீன மொழி மட்டுமே பேசும் முதியவரிடம் பினாங்கில் வரலாறு எடுக்க அந்த நேரத்தை விட்டால் வேறு வழியே இல்லை.

ஆய்வுரைப் பகுதியில்தான் மதிப்பெண் போகிறது. பாடநூலில் உள்ள நீரிழிவுப் பாதப் புண்ணின் வகைப்பாட்டை மூன்று பக்கம் இறக்கிவைப்பதில் பயனில்லை. இந்தப் பாட்டி ஏன் மாத்திரையை நிறுத்தினார், ஏன் இரண்டு வாரம் தாமதித்தார், எலும்பு வரை கிருமி பரவியிருப்பதாகச் சந்தேகித்தது ஏன், வேறு வழிகளை விட்டு இந்தச் சிகிச்சையைத் தேர்ந்தது ஏன் என்ற கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். டெங்கி நோயாளி என்றால், காய்ச்சல் தணிந்த நாளில் மருத்துவர்கள் ஏன் நிம்மதியடையாமல் இரத்தத்தின் செறிவைக் காட்டும் ஹெமட்டோக்ரிட்டை அடிக்கடி பார்த்தார்கள் என்று விளக்கினாலே ஆய்வுரை உயிர்பெறும். பிளாஸ்மா கசியும் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் தொடங்குகிறது. மேற்கோள்களுக்கு மலேசியச் சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டிகளை முதலில் எடுங்கள். இலவசமாகக் கிடைக்கின்றன, வார்டில் பின்பற்றப்படுவதும் அவைதான்.

சீனியர்களின் பழைய கோப்புகள் பென்டிரைவில் சுற்றிக்கொண்டே இருக்கும். அமைப்பைப் பார்க்க அவை உதவும். வாக்கியங்களை எடுத்தால் எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளான டர்னிட்டின் காட்டிக்கொடுத்துவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் நோயாளியின் விவரங்களைக் கொட்டி எழுதச் சொல்வது கல்லூரி விதியை மட்டுமன்று, இரகசியக் கடமையையும் மீறுவதாகும்.

வராத நாள்களும் ஒப்படைக்கும் நாளும்

உடல்நிலை சரியில்லாத நாளில் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால், அன்றே ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவித்து, தவறிய கிளினிக்குக்கு மாற்று நாளையும் அதே செய்தியில் கேளுங்கள். குடும்பத்துத் திருமணமோ கோயில் நேர்த்திக்கடனோ இருந்தால் போஸ்டிங் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. முன்கூட்டிக் கேட்பவருக்குக் கிடைக்கும் இரக்கம், முந்தின நாள் கேட்பவருக்குக் கிடைப்பதில்லை.

கடைசி வாரத்துக்கு முந்தின வாரத்தில் லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் தொட்டு எண்ணுங்கள். தேதி விட்டுப்போனது, சாப் விழாதது, நிபுணருக்குப் பதில் எச்.ஓ. கையெழுத்திட்டது எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். ஒப்படைக்கும் கடைசி நாள் வெள்ளியாக இருந்தால் வியாழனன்றே கொடுத்துவிடுங்கள். வெள்ளித் தொழுகைக்காக மதிய இடைவேளை நீளும், நீங்கள் போய்ச் சேரும்போது முகப்பில் ஆள் இருக்க மாட்டார்கள். பெற்றுக்கொண்டதற்கான சீட்டில் தேதியோடு சாப் வாங்கிக்கொண்டு, அடுத்த போஸ்டிங்கின் கையேட்டை அங்கேயே கேட்டு வாங்கி வாருங்கள்.