ஒரு பீங்கான் சோறு நம் குருதியில் என்ன செய்கிறது என்பதை வீட்டிலேயே அளந்தறியும் முறை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வயலூர்களில் மதியச் சோற்றின் அளவு, மண்வெட்டியால் வரம்பு கட்டி, கையால் அறுத்துச் சூடு மிதித்த காலத்தில் நிலைபெற்ற ஒன்றாகும். இன்று அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கிவிட்டது. பீங்கானில் விழும் சோறு மட்டும் குறையவில்லை. சீனி வருத்தம் (நீரிழிவு) வந்தவரிடம் சோற்றைக் குறைக்கச் சொல்வது எளிது, ஆனால் எவ்வளவு குறைப்பது என்பதை அவரவர் உடல்தான் சொல்ல முடியும். அதைக் கேட்டறிய ஒரு குளுக்கோமீற்றர் (விரல்நுனிக் குருதியில் சீனியின் அளவைக் காட்டும் சிறு கருவி), ஒரு தேநீர்க் கோப்பை, ஒரு கொப்பி, இரண்டு வார காலம் ஆகியவை போதும்.

அளக்கத் தொடங்குமுன் எதை அளக்கிறோம் என்று விளங்கிக்கொள்வது நல்லது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் குருதி ஓடுகிறது. சாப்பிடாதிருக்கும் வேளையில் அதில் கரைந்துள்ள குளுக்கோசு ஏறக்குறைய 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிச் சீனியின் அளவுதான். ஒரு கோப்பைச் சோற்றிலோ ஏறத்தாழ 45 கிராம் மாப்பொருள் இருக்கிறது. மூன்று கோப்பைச் சோறு உண்பவரின் குருதிக்குள் சில மணி நேரத்தில் 130 கிராமுக்கு மேற்பட்ட குளுக்கோசு நுழைந்தும் அளவு பெரிதாக ஏறாமல் இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் சதையி (கணையம்) சுரக்கும் இன்சுலின். அது தசைக் கலங்களுக்குள் குளுக்கோசு செல்ல வழி திறக்கிறது. ஈரலை அதைக் கிளைக்கோசனாகச் சேமிக்கச் செய்கிறது. இரவில் நாம் உறங்கும்போது அதே சதையி குளுக்ககன் என்ற எதிர்ச் சுரப்பை அனுப்பி, ஈரலின் சேமிப்பிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் குருதிக்குக் கொடுக்கச் சொல்கிறது. இரவு ஒன்றும் உண்ணாதவருக்கும் காலையில் சீனி கூடியிருப்பதன் காரணம் பெரும்பாலும் ஈரலிலிருந்து வெளியாகும் இந்தக் குளுக்கோசுதான்.

வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் கொழுப்பு சேரும்போது இன்சுலினின் சொல்லை ஈரலும் தசையும் சரியாகக் கேட்பதில்லை. சதையி கூடுதலாகச் சுரந்து சில ஆண்டுகள் ஈடுகொடுக்கும்; பின்னர் களைத்துப்போகும். ஆகவே இடுப்பின் சுற்றளவும் இந்தக் கொப்பியில் எழுதப்பட வேண்டிய ஒன்று. அதை அளக்கும்போது நம் ஆண்கள் பலர் சாரம் கட்டும் இடத்தில் நாடாவை வைக்கிறார்கள். சாரம் தொப்பைக்குக் கீழே இறங்கியிருப்பதால் அந்த அளவு பொய் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட பின் பார்க்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகள்.

இனிச் சோதனை. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். இதை நான் மிக அழுத்திச் சொல்கிறேன். ஒருநாள் என் தாயாரின் விரலில் 243 (ஒரு டெசிலீற்றர் குருதியில் இத்தனை மில்லிகிராம் என்பதே இந்த எண்களின் பொருள்) என்று காட்டியதும் வீடே கலங்கிவிட்டது. பேரப்பிள்ளைக்கு மாம்பழம் வெட்டிக் கொடுத்த கையை அவர் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்திருந்தார் என்பது பிறகே தெரிந்தது. கழுவிய பின் மறுவிரலில் 134. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். நம் கரையோரக் காற்றில் ஈரம் மிகுதி. ஆதலால் பரிசோதனைப் பட்டிகள் இருக்கும் குப்பியை எடுத்தவுடன் மூடிவிடுங்கள்.

முதல் மூன்று நாட்கள் எதையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போல் பரிமாறிய சோற்றைக் கோப்பையால் அளந்து எழுதி, முதற்கவளத்துக்கு முன்னர் ஒருமுறையும் அதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் பாருங்கள். நீரிழிவு இல்லாதவருக்கு இரண்டாவது அளவு பொதுவாக 140 மில்லிகிராமுக்குக் கீழே நிற்கும். நீரிழிவு உள்ள பெரும்பாலோருக்கு 180க்குள் வைத்திருப்பதே இலக்கு. நான்காம் நாளிலிருந்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று நாட்கள் பாருங்கள். முதலில் அளவை மாற்றாமல் வரிசையை மாற்றலாம்: முருங்கையிலை வறையையும் வாவி மீன் கறியையும் பாதிக்கு மேல் உண்டு முடித்த பின்னரே சோற்றில் கைவைப்பது. அடுத்து, சோற்றில் ஒரு கோப்பையைக் குறைத்து அந்த இடத்தை வறையாலும் பருப்பாலும் நிரப்புவது. அதற்கடுத்து, உண்டு முடித்ததும் பதினைந்து நிமிடம் நடப்பது. சுருங்கி விரியும் தசை இன்சுலினின் உதவியின்றியே குளுக்கோசை உள்ளே எடுத்துக்கொள்ளும் என்பதால், என் கணிப்பில் இந்த மூன்றிலும் செலவில்லாததும் கூடுதல் பயன் தருவதும் நடைதான். வெயில் கொடிதென்றால் வீட்டு விறாந்தையிலேயே நடக்கலாம்.

சிவப்பரிசிச் சோறு, குரக்கன் பிட்டு ஆகியவற்றில் நார்ச்சத்துக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் அவையும் மாப்பொருளே என்பதால் அவற்றையும் அளந்துதான் உண்ண வேண்டும். எருமைத் தயிரில் இயல்பாக உள்ள சீனி குறைவு; அதன்மேல் அள்ளிப் போடும் சீனிதான் கணக்கை ஏற்றுகிறது. இரண்டு கரண்டிச் சீனியிட்ட தேநீரை நாளுக்கு ஐந்து முறை குடிப்பவர், ஒரு கோப்பைச் சோற்றின் மாப்பொருளை அறியாமலே குடித்துவிடுகிறார்.

இன்சுலின் ஏற்றுபவர்களும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற, இன்சுலின் சுரப்பைக் கூட்டும் குளிசைகளை எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்து அதே அளவில் இருக்க உணவு குறைந்தால் சீனி ஆபத்தாக இறங்கும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தோன்றி அளவு 70க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். நோன்பு நோற்கும் சகோதரர்கள் ரமழானுக்குச் சில வாரங்கள் முன்னரே மருந்தின் அளவையும் நேரத்தையும் வைத்தியரோடு பேசித் தீர்மானிப்பது அவசியம். அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதே மருத்துவ அறிவுரை.

எடை கூடியவர்கள் பெரிய இலக்கு வைத்து மனம் சோர வேண்டியதில்லை. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்றவர்கள் உடல் எடையில் 7 வீதத்தைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைக்க முயன்றபோது, நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. எண்பது கிலோ உள்ளவருக்கு அது ஐந்தரைக் கிலோ.

குளுக்கோமீற்றரின் எண்ணைக் கொண்டு நோயை உறுதிசெய்ய முடியாது. வெறும் வயிற்றில் நாளத்திலிருந்து எடுத்த குருதியில் 126 அல்லது அதற்கு மேல், அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 வீதம் அல்லது அதற்கு மேல் என்பதே நீரிழிவின் எல்லை. அறிகுறி இல்லாதவருக்கு அதையும் இரண்டாம் முறை உறுதிப்படுத்துவார்கள். கிளினிக்குக்குப் போகும் நாளில் கொப்பியையும் கொண்டுசெல்லுங்கள். திகதி, கோப்பைக் கணக்கு, உண்ணுமுன் அளவு, இரண்டு மணி நேர அளவு, நடந்த நிமிடங்கள் என ஐந்து நிரல்கள் போட்டு எழுதியிருந்தால், வரிசையில் நூறு பேர் காத்திருக்கும் நாளிலும் வைத்தியரால் அதை ஒரு நிமிடத்தில் படித்துவிட முடியும்.